‘ஃபைட்’ என்று எழுதியதும் ஏன் ஓடிவந்தார்?

தங்கச்சி, நீங்கள் கேட்டது இன்னும் பலருக்குப் பயன்படும் என்பதால் முதலில் அதைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். இலங்கை மலையகத்து மஸ்கெலியாவிலிருந்து வந்து, இங்கிலாந்தில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறீர்கள். டிவி ரிமோட்டுக்காக இரண்டு பெரியவர்கள் சத்தம் போட்டுக்கொண்டார்கள். நீங்கள் சம்பவ அறிக்கையில் ‘ஃபைட்’ என்று எழுதிவைத்தீர்கள். முகாமையாளர் ஓடிவந்து, யாருக்குக் காயம், யார் முதலில் கை வைத்தது, குடும்பத்தாருக்குச் சொல்லியாயிற்றா என்று அடுக்கடுக்காகக் கேட்டிருக்கிறார். “சண்டைக்கு இவர்களிடம் எத்தனை சொல்தான் இருக்கிறது அக்கா, நான் எதைத்தான் எழுதுவது?” என்பது உங்கள் கேள்வி.

நிறைய இருக்கிறது. அகராதியைப் பிரித்தால் எல்லாவற்றுக்கும் எதிரே ‘சண்டை, சச்சரவு’ என்றுதான் போட்டிருக்கும். அதை வைத்துக்கொண்டு இங்கே வேலை பார்க்க முடியாது. தேயிலைத் தோட்டத்தில் நாம் சண்டையைச் சத்தத்தால் அளந்து பழகியவர்கள். வரிசை வீடான லயத்தில் ஒரு காம்பராவில், அதாவது ஓர் அறையில், குரல் உயர்ந்தால் லயமே இஸ்தோப்புக்கு, வாசல் திண்ணைக்கு, வந்துவிடும். யாராவது ஒரு பெரியவர் அதட்டுவார். மறுநாள் கொழுந்து நிறுக்கிற இடத்தில் அந்த இரண்டு பேரும் பேசிக்கொண்டு நிற்பார்கள். இங்கே இரண்டே கேள்விகள்தான்: கை பட்டதா? காகிதத்தில் ஏறியதா? எந்தச் சொல்லைப் போடுவது என்பதை இவைதான் தீர்மானிக்கின்றன.

கை படாதவற்றில் பொதுவானது ‘ஆர்கியுமென்ட்’. வீட்டிலும் வேலையிடத்திலும் தயங்காமல் சொல்லலாம். படிக்கப் போகும் எண்ணம் இருந்தால் ஒன்றை மட்டும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்: கட்டுரையைத் திருத்துகிறவர் உங்கள் ‘ஆர்கியுமென்ட்’ பலவீனமாக இருக்கிறது என்று எழுதினால், அது உங்கள் வாதத்தைப் பற்றியது. யாரும் உங்களோடு சண்டைக்கு வரவில்லை. அடுத்தது ‘ரௌ’. வரிசைக்கும் இதே எழுத்துகள்தான். வரிசை என்றால் ‘ரோ’, சண்டை என்றால் ‘ரௌ’. பத்திரிகைகளுக்கு இந்தச் சொல்லின் மேல் கொள்ளை ஆசை, மூன்றே எழுத்தில் தலைப்புக்குள் அடங்கிவிடுமே! இரண்டு அமைச்சர்கள் கடிதம் எழுதிக்கொண்டாலே ‘ரௌ’ என்று போட்டுவிடுவார்கள். அங்கே சத்தமே இருந்திருக்காது.

‘டிஃப்’ என்பது கணவன் மனைவிக்கும் நண்பர்களுக்கும் இடையில் வந்து மாலைக்குள் தீர்ந்துபோகும் சின்ன ஊடல். ‘ஸ்க்வாபிள்’, ‘பிக்கரிங்’ இரண்டும் அற்பக் காரணத்துக்கான சச்சரவுகள். இவற்றில் ஒரு நக்கலும் சேர்ந்திருக்கிறது. பிள்ளைகளைப் பற்றிச் சொன்னால் சிரிப்பு வரும். எண்பது வயதுக்காரர் ஒருவரைப் பற்றி அறிக்கையில் எழுதினால் அவரைச் சின்னப் பிள்ளையாக்கிவிடுகிறோம். எனக்கு அது அறவே பிடிக்காது, நீங்களும் எழுதாதீர்கள். ‘பார்னி’, ‘டிங் டாங்’, ‘ஆர்ஜி பார்ஜி’ எல்லாம் உடன் வேலை செய்கிறவர்கள் தேநீர் நேரத்தில் சொல்லிச் சிரிப்பவை. கேட்டு ரசியுங்கள், எழுத்தில் வேண்டாம். ‘ஸ்லாங்கிங் மேட்ச்’ என்று யாராவது சொன்னால் நம் குழாயடிச் சண்டையை நினைத்துக்கொள்ளுங்கள், சரியாக இருக்கும்.

ஒரு பொறியையும் சொல்லவேண்டும். முகாமையாளர் உங்களைக் கூப்பிட்டு ‘எ வேர்ட்’ வேண்டும் என்றால், தனியாகக் கொஞ்சம் பேசவேண்டும் என்று பொருள். அதே சொல் பன்மையாகி, இன்ன இரண்டு பேர் ‘ஹேட் வேர்ட்ஸ்’ என்று வந்தால், அவர்களுக்குள் வார்த்தை தடித்துவிட்டது என்று பொருள். நம்மிடமும் “ஒரு வார்த்தை பேசவேண்டும்”, “வார்த்தை வளர்ந்துவிட்டது” என இரண்டும் இருப்பதால் இது மனதில் நிற்கும்.

இனிக் கை பட்டவை. ‘ஸ்கஃபிள்’ தள்ளுமுள்ளு. ‘ப்ரால்’ பலர் சேர்ந்து அடித்துக்கொள்வது, பெரும்பாலும் மதுக்கடை வாசலில். ‘ஃபைட்’ பேச்சில் வாய்ச்சண்டைக்கும் ஓடும். ஆனால் அறிக்கையில் அதைப் படிக்கிறவர் கை ஓங்கியதாகத்தான் எடுத்துக்கொள்வார். முதியோர் இல்லத்தில் ஒருவர் இன்னொருவரை அடித்தால், 2014 ஆம் ஆண்டின் பராமரிப்புச் சட்டத்தின் கீழ் அது உள்ளூராட்சி சபைக்கு அறிவிக்கவேண்டிய பாதுகாப்பு விடயமாகலாம். முகாமையாளர் ஓடிவந்தது அதனால்தான். அவர் கோபக்காரர் என்று நினைத்துவிடாதீர்கள்.

சட்டமும் இதே கோட்டில்தான் நிற்கிறது. 1986 ஆம் ஆண்டின் பொது ஒழுங்குச் சட்டத்தில் ‘அஃப்ரே’ என்று ஒரு குற்றம் இருக்கிறது. மற்றவர்கள் அஞ்சும்படி வன்முறையில் இறங்குவது அல்லது வன்முறை காட்டி மிரட்டுவது. மூன்று ஆண்டுகள் வரை சிறை. வெறும் வாய்ச்சொல்லால் மிரட்டியது மட்டும் போதாது என்று அந்தச் சட்டமே எழுதிவைத்திருக்கிறது. மூன்று பேர் சேர்ந்தால் வேறு பெயர், பன்னிரண்டு பேர் சேர்ந்தால் ‘ரயட்’, அதாவது கலவரம், அதற்குப் பத்து ஆண்டுகள் வரை.

நடுவில் நிற்பது ‘ஆல்டர்கேஷன்’. பொலிஸாரும் அலுவலகத்தாரும் விரும்பும் சொல். “வாய்த்தர்க்கம் முற்றிக் கைகலப்பாக மாறியது” என்று நம் பத்திரிகைகள் எழுதுமே, அந்த இரண்டில் எது என்று இந்தச் சொல் தானாகச் சொல்லாது. வாயால் என்றால் ‘வேர்பல்’, கையால் என்றால் ‘ஃபிஸிக்கல்’ என்று முன்னால் சேர்த்தே எழுதவேண்டும். ‘ஃப்ராக்கா’ இன்னும் வழுக்கலானது. 2015இல் பிபிசி தன் நிகழ்ச்சித் தொகுப்பாளர் ஒருவரை இடைநிறுத்தியபோது அறிக்கையில் போட்டது இந்தச் சொல்லைத்தான். பிறகு பார்த்தால் தயாரிப்பாளருக்கு அடி விழுந்திருந்தது.

காகிதத்தில் ஏறியவற்றில் சத்தமே இருக்காது. வேலையிடத்தில் உங்களுக்கு அநியாயம் நடந்து, அதை எழுத்தில் கொடுத்தால் அது ‘கிரீவன்ஸ்’. விசாரணை, கூட்டம், முடிவு என்று அதற்கு முறை உண்டு. ‘டிஸ்ப்யூட்’ என்பதைத் தோட்டத்துப் பிள்ளைக்கு நான் விளக்கவேண்டியதில்லை. 1950 ஆம் ஆண்டின் கைத்தொழில் பிணக்குகள் சட்டம் என்று தொழிற்சங்கத் தலைவர்கள் பேசுவதைக் கேட்டு வளர்ந்தவர்கள்தானே நாம். அந்தப் பிணக்குத்தான் இது. அயலவரோடு வேலிக்காக வந்தாலும் இதே பெயர்தான். இங்கே வீடு விற்கிறவர் நிரப்பும் படிவத்திலும் அயலவரோடு ‘டிஸ்ப்யூட்’ உண்டா என்று ஒரு கேள்வி இருக்கிறது.

ஒரே வீட்டில் பலர் சேர்ந்து இருக்கிறீர்கள் என்றும் எழுதியிருந்தீர்கள். சுவர்கள் மெல்லியவை. இங்கே இஸ்தோப்புக்கு யாரும் வந்து அதட்டமாட்டார்கள், பேசாமல் அவசர உதவி எண்ணான 999க்கு அழைப்பார்கள். வந்த பொலிஸார் அதை ‘டொமெஸ்டிக்’, அதாவது வீட்டுக்குள் நடக்கும் சண்டை, என்பார்கள். பிள்ளைகள் உள்ள வீட்டில் இன்னும் கவனம். 2021 ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டப்படி, அந்த வன்முறையைக் கண்டோ கேட்டோ பாதிக்கப்படும் பிள்ளையும் பாதிக்கப்பட்டவரே.

உங்கள் அறிக்கைக்கு வருகிறேன். ‘வேர்பல் ஆல்டர்கேஷன், நோ ஃபிஸிக்கல் காண்டாக்ட்’ என்று எழுதினால் போதும். அதைவிட நல்லது, பெயர் சூட்டாமல் நடந்ததை எழுதுவது: எத்தனை மணிக்கு, எந்த அறையில், யார் என்ன சொன்னார், நீங்கள் என்ன செய்தீர்கள், பிறகு இருவரும் எப்படி இருந்தார்கள். பழைய பக்கத்தைக் கிழிக்கவோ மையால் மறைக்கவோ கூடாது. அந்தச் சொல்லின் மேல் ஒரே ஒரு கோடு, பக்கத்தில் சரியான சொல், திகதி, உங்கள் கையொப்பம். கணினியில் எழுதியிருந்தால் திருத்தத்தைத் தனிக் குறிப்பாகச் சேர்க்கச் சொல்லி இன்றைக்கே முகாமையாளரிடம் கேளுங்கள்.