ரோபோ வேக்குவம் டாக்கில் போய் நிற்கிறது, சார்ஜ் ஏறவில்லை. பேட்டரியை மாற்றிவிடலாமா?

நீங்கள் எழுதியிருப்பதைச் சுருக்கினால்: மெஷின் வாங்கி இரண்டு வருடம் ஆகிறது, வேலை முடிந்ததும் தானாகவே டாக்கை, அதாவது சார்ஜ் ஏற்றுகிற தளத்தை, தேடிப் போய் நிற்கிறது, ஆனால் சார்ஜ் ஏறுவதில்லை, விசாரித்த இடத்தில் பேட்டரி போய்விட்டது என்கிறார்கள்.

இப்போதைக்குப் பேட்டரி வாங்காதீர்கள். தானாகப் போய் டாக்கில் நிற்கிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான் இதில் பெரிய துப்பு. பெரும்பாலான மாடல்களில் டாக் கண்ணுக்குத் தெரியாத இன்ஃப்ரா ரெட் ஒளியை வீசிக்கொண்டே இருக்கும். மெஷின் அந்த ஒளியைப் பிடித்துத்தான் கடைசி ஒரு முழ தூரத்தை நேர் செய்துகொண்டு வந்து நிற்கும். டாக்குக்குக் கரண்ட் வராவிட்டால் அந்த ஒளியும் இருக்காது. ஆகவே அடாப்டர் வரைக்கும் ஏதோ உயிர் இருக்கிறது. மெஷின் ஓடி வந்து சேர்கிறது என்பதால் பேட்டரியிலும் உயிர் இருக்கிறது. இரண்டு முனையும் நன்றாக இருந்து நடுவில் மட்டும் ஓடவில்லை என்றால், முதலில் பார்க்க வேண்டியது அந்த நடுவை: மெஷினின் அடியில் இருக்கிற இரண்டு உலோகத் தகடுகள், டாக்கில் அவற்றைத் தொடுகிற இரண்டு தகடுகள்.

இதை நான் கற்றுக்கொண்டது தூத்துக்குடியில் இருக்கிற அம்மா வீட்டில். அம்மாவுக்கு மூட்டு வலி. குனிந்து பெருக்க முடியாது என்பதால்தான் அந்த மெஷினை வாங்கிக் கொடுத்தேன். ஒன்றரை வருடம் நன்றாக ஓடியது. ஒரு நாள் போன் செய்து, "போய் ஒழுங்கா உக்காந்துக்குதுப்பா, ஆனா லைட்டு மட்டும் வரமாட்டேங்குது" என்றார்கள். எடுத்துப் போய்க் காட்டிய இடத்தில் பேட்டரியை மாற்றணும், சமயத்தில் உள்ளே இருக்கிற எலக்ட்ரானிக் போர்டும் போயிருக்கலாம் என்றார்கள். நான் ஊருக்குப் போகிற வரை எதுவும் செய்யவேண்டாம் என்று சொல்லிவிட்டேன். போய் மெஷினைத் திருப்பிப் பார்த்தால், இரண்டு தகட்டில் ஒன்று ஓரளவு சுத்தமாக இருந்தது. இன்னொன்று முழுக்கக் கறுத்து, ஓரத்தில் பச்சையாகக் களிம்பு ஏறியிருந்தது.

காரணம் தண்ணீர். அந்த மெஷின் பெருக்கவும் செய்யும், துடைக்கவும் செய்யும். அம்மா தொட்டியில் ஊற்றியது போர் தண்ணீர். அந்தப் பக்கத்துப் போர் தண்ணீரில் எவ்வளவு உப்பு என்று அங்கே குடியிருப்பவர்களுக்குத் தெரியும். துடைத்து முடித்த ஈரத்தோடேயே மெஷின் டாக்கில் போய் நிற்கும். தகட்டின் மேல் உப்புத் தண்ணீர்ப் படலம், அதன் வழியே டிசி கரண்ட். இந்த இரண்டும் சேர்ந்தால் பிளஸ் பக்கத்து உலோகம் கொஞ்சம் கொஞ்சமாக அரிக்கும். அதனால்தான் பெரும்பாலும் ஒரு தகடு மட்டும் அதிகம் கெட்டுப்போயிருக்கும். உங்கள் மெஷினும் துடைக்கிற வகையாக இருந்தால், அல்லது வீடு கடலுக்குப் பக்கம் என்றால், நான் முதலில் சந்தேகப்படுவது இதைத்தான்.

மெல்லிய படலம் என்ன செய்துவிடும் என்று தோன்றலாம். ஒரு சின்னக் கணக்கு சொல்கிறேன். இந்த மெஷின்கள் பலவற்றில் இருப்பது 14.4 வோல்ட் லித்தியம் பேட்டரி, அதாவது நாலு செல்கள் வரிசையாக. முழுக்க நிறைந்தால் ஒவ்வொரு செல்லும் 4.2 வோல்ட், மொத்தம் 16.8. அடாப்டர் கொடுப்பது 19 என்று வைத்துக்கொள்ளுங்கள். இடையில் இருக்கிற உபரி இரண்டேகால் வோல்ட்கூட இல்லை. ஒரு ஆம்பியர் போகிற பாதையில் களிம்பினால் இரண்டு ஓம் தடை உண்டானால், இரண்டு வோல்ட் அந்த இடத்திலேயே தொலைந்துபோகும். மெஷினுக்கு டாக்கில் நிற்கிறோம் என்று தெரியும், ஆனால் வயிறு நிறையாது.

சுத்தம் செய்வது எளிது, ஆனால் முறையாகச் செய்யுங்கள். டாக்கின் பிளக்கைப் பிடுங்குங்கள், மெஷினை ஆஃப் செய்யுங்கள். மருந்துக் கடையில் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் கேட்டால் கிடைக்கும். காது குடையும் பஞ்சுக் குச்சியை அதில் நனைத்து நாலு தகட்டையும் துடையுங்கள். பஞ்சு கறுப்பாக வருவது நிற்கும் வரை துடைக்க வேண்டும். அதற்கும் போகாத கறைக்குப் பிள்ளைகள் பென்சிலுக்கு வைத்திருக்கிற ரப்பரால் அழுத்தித் தேயுங்கள். உப்புத்தாள், பாத்திரம் தேய்க்கிற கம்பி நார் இரண்டையும் கிட்டே கொண்டுபோகாதீர்கள். தகட்டின் மேல் இருக்கிற முலாம் உரிந்துவிட்டால் அடுத்த முறை களிம்பு இன்னும் சீக்கிரம் ஏறும். கைக்குப் போடுகிற சானிடைசரும் வேண்டாம். அதில் கிளிசரின் கலந்திருக்கும், பிசுபிசுப்பாகத் தங்கிவிடும். துடைத்த பிறகு பத்து நிமிடம் காய விடுங்கள். அப்படியே டாக்கின் தகடுகளை விரலால் அழுத்திப் பாருங்கள். பல டாக்குகளில் அடியில் ஸ்பிரிங் இருக்கும். அழுத்தினால் உள்ளே போய், விட்டால் மேலே வர வேண்டும். ஒன்று உள்ளேயே மாட்டிக்கொண்டிருந்தால் தகடு எவ்வளவு பளபளத்தாலும் பயனில்லை.

தகடு சுத்தமாக இருந்தும் தொடாமல் போவதும் உண்டு. முன்னால் இருக்கிற குட்டிச் சக்கரத்தைக் கையால் இழுத்தால் பெரும்பாலும் கழன்று வந்துவிடும். அதன் அச்சில் தலைமுடி உருண்டு கிடந்தால் மெஷினின் மூக்கு ஒரு நூல் அளவு தூக்கி நிற்கும், அது போதும். மாப் துணிக்குப் பதிலாக வெளியில் வாங்கிய தடிமனான துணி மாட்டியிருந்தால் பின்பக்கம் தூக்கும். வழவழப்பான டைல்ஸ் தரையில் மெஷின் வந்து முட்டும்போது டாக்கே பின்னுக்கு நகர்ந்துவிடும். டாக்கின் முதுகைச் சுவரோடு ஒட்டி வையுங்கள், அடியில் இரண்டு பக்கமும் ஒட்டுகிற டேப் போடுங்கள். இதைச் சோதிக்க ஒரே வழி: மெஷினைக் கையால் தூக்கி டாக்கில் வைத்து, மேலிருந்து லேசாக அழுத்துங்கள். அழுத்தும்போது மட்டும் சார்ஜ் விளக்கு வந்தால் பேட்டரியைப் பற்றிய கவலையை விட்டுவிடலாம்.

இன்னொன்றையும் இங்கேயே பார்த்துவிடுங்கள். பல மாடல்களில் பக்கவாட்டிலோ அடியிலோ ஒரு மெயின் சுவிட்ச் இருக்கும். அது ஆஃபில் இருந்தால் டாக்கில் எத்தனை மணி நேரம் நின்றாலும் சார்ஜ் ஏறாத மாடல்கள் உண்டு. சுத்தம் செய்ய ஆஃப் செய்தவர்கள் திரும்ப ஆன் செய்ய மறப்பது சகஜம்.

அடுத்தது அடாப்டர். டாக்கில் விளக்கு எரிகிறது என்பதால் அடாப்டர் முழு ஆரோக்கியம் என்று முடிவு கட்டக்கூடாது. ஒரு சின்ன விளக்கை எரிக்கக் கொஞ்சம் கரண்ட் போதும். பேட்டரிக்குக் கொடுக்கும்போதுதான் அதன் சாயம் வெளுக்கும். மெஷின் வந்து தொட்ட நொடியில் டாக் விளக்கு மங்கினாலோ, விட்டுவிட்டு மினுக்கினாலோ, அடாப்டருக்குள் வோல்டேஜைச் சீராக வைத்திருக்கிற கெபாசிட்டர் என்ற பாகம் பலவீனமாகிவிட்டது என்று சந்தேகப்படலாம். அடிக்கடி கரண்ட் போய் வந்து, வோல்டேஜ் ஏறி இறங்குகிற ஊர்களில் முதலில் அடி வாங்குவது இந்த அடாப்டர்தான். வீட்டில் மல்டிமீட்டர் இருந்தால் அளந்து பாருங்கள். சாதாரண மஞ்சள் மல்டிமீட்டரில் டிசி 20 என்ற இடத்தில் வைத்து 24 வோல்ட் அடாப்டரை அளந்தால் இடது ஓரத்தில் வெறும் 1 மட்டும் தெரியும். மீட்டர் கெட்டுவிட்டது என்று நினைக்கவேண்டாம், டிசி 200க்கு மாற்றுங்கள். அடாப்டரின் பின்னால் அச்சிட்டிருக்கிற அவுட்புட் வோல்ட்டை ஒட்டியே அளவு வர வேண்டும். இந்த அளவை அடாப்டர் ஒயரின் முனையில், டாக்குக்குள் செருகுகிற பின்னில் எடுங்கள், டாக்கின் தகட்டில் அல்ல. சில டாக்குகள் மெஷின் வந்து நின்ற பிறகுதான் முழு வோல்ட்டைத் தகட்டுக்கு விடும். அங்கே அளந்துவிட்டு டாக் செத்துவிட்டது என்று தூக்கிப் போட்டவர்கள் இருக்கிறார்கள். மாற்று அடாப்டர் வாங்கும்போது வோல்ட் அதே எண்ணாக இருக்க வேண்டும், ஆம்பியர் அதே அளவோ கூடவோ இருக்கலாம், பின்னின் பிளஸ் மைனஸ் குறி பொருந்த வேண்டும். பழைய லேப்டாப் சார்ஜர் பின் பொருந்துகிறது என்பதற்காகச் செருகிப் பார்க்காதீர்கள்.

வெயிலையும் சொல்ல வேண்டும். லித்தியம் செல் 45 டிகிரிக்கு மேல் சார்ஜ் ஆகக்கூடாது என்பது பொதுவான வரம்பு. பேட்டரிக்குள் இருக்கிற சென்சார் சூட்டைப் பார்த்துச் சார்ஜை நிறுத்திவிடும். சித்திரை வைகாசியில் பால்கனிக் கதவோரம் வெயில் விழுகிற இடத்தில் டாக் இருந்து, ஒரு மணி நேரம் ஓடிக் களைத்து வந்த மெஷின் அங்கே நின்றால், அது சார்ஜ் எடுக்காமல் இருப்பது கோளாறு இல்லை, தற்காப்பு. நிழலுக்கு மாற்றி அரை மணி நேரம் கழித்துப் பாருங்கள்.

இதெல்லாம் சரியாக இருந்தால்தான் பேட்டரி. அங்கேயும் இரண்டு விதம் இருக்கிறது. ஒன்று, ஆழமாக வடிந்துபோனது. அம்மா எங்களோடு இரண்டு மாதம் வந்து தங்கியபோது, டாக்கின் சுவிட்சை அணைத்துவிட்டு, மெஷினை மட்டும் ஆனிலேயே விட்டுவிட்டு வந்தார்கள். திரும்பிப் போனபோது எந்த அசைவும் இல்லை. ஒவ்வொரு செல்லும் சுமார் 2.5 வோல்ட்டுக்குக் கீழே போய்விட்டால் பேட்டரிக்குள் இருக்கிற பாதுகாப்பு போர்டு கதவைச் சாத்திவிடும்; அளந்தால் சைபர்கூடக் காட்டும். முதலில் பேட்டரியைக் கழற்றி ஒரு நிமிடம் வைத்துத் திரும்ப மாட்டுங்கள், பிறகு டாக்கில் ஓர் இரவு விடுங்கள். மெஷின் மிகக் குறைந்த கரண்ட்டில் மெல்ல ஊட்டிப் பார்க்கும். எங்களுக்கு அது நாலு மணி நேரத்தில் எழுந்துகொண்டது. எழாவிட்டால் அதோடு விடுங்கள். வேறு சார்ஜரின் ஒயரை நேரடியாக வைத்துப் பேட்டரிக்கு உயிர் கொடுக்கும் வீடியோக்களைப் பார்த்து அதைச் செய்யவே செய்யாதீர்கள். பாதுகாப்பு போர்டைத் தாண்டிக் கரண்ட் ஏற்றுவது வீட்டுக்குள் நெருப்பை அழைப்பதற்குச் சமம். பேட்டரியின் உறை வீங்கியிருந்தாலோ, வித்தியாசமான வாடை வந்தாலோ, அதைத் திரும்ப மாட்டவே வேண்டாம்.

இரண்டாவது, வயதானது. இதன் அடையாளம் வேறு: சார்ஜ் ஏறும், அதுவும் வழக்கத்தைவிட வேகமாக நிறைந்துவிடும், ஆனால் முன்பு ஒன்றரை மணி நேரம் ஓடியது இப்போது கால் மணி நேரத்தில் படுத்துவிடும். தினமும் ஓடுகிற மெஷினில் இரண்டு மூன்று வருடத்தில் இது வருவது இயல்புதான். உங்கள் மெஷின் இந்த அடையாளத்தைக் காட்டியிருந்தால் நானும் பேட்டரியை மாற்றுங்கள் என்றுதான் சொல்லியிருப்பேன்.

அப்படி வாங்க நேர்ந்தால் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். இந்தப் பேட்டரிகளுக்குள் இருப்பது பெரும்பாலும் 18650 என்கிற உருளைச் செல். 18 மில்லிமீட்டர் தடிமன், 65 மில்லிமீட்டர் நீளம். ஒரு செல்லில் 2,600, நல்லதாக இருந்தால் 3,500 மில்லி ஆம்பியர் மணி வரை கிடைக்கும். நாலு செல்லை வரிசையாகக் கோத்தால் வோல்ட்தான் கூடும், இந்த எண் கூடாது. 14.4 வோல்ட், 5,200 என்று எழுதியிருந்தால் உள்ளே நாலு நாலாக இரண்டு வரிசை, மொத்தம் எட்டு செல் இருக்க வேண்டும். ஒரு செல் சுமார் 45 கிராம். எட்டுக்கு உறை இல்லாமலேயே 360 கிராம் வர வேண்டும். சமையலறைத் தராசில் வைத்துப் பாருங்கள். 5,200 என்று எழுதிய பேட்டரி 200 கிராம் சொச்சம்தான் இருக்கிறது என்றால் உள்ளே இருப்பது நாலே செல். அன்றைக்கே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

அம்மாவின் மெஷினில் இன்னும் பழைய பேட்டரிதான். மாற்றியது இரண்டே இரண்டு பழக்கம். துடைக்கிற தொட்டிக்குப் போர் தண்ணீருக்குப் பதில் குடிக்கிற தண்ணீர். துடைத்து முடித்ததும் மாப் துணியைக் கழற்றி, அடித்தகடு இரண்டையும் காய்ந்த துணியால் ஒற்றிவிட்டுத்தான் டாக்கில் வைக்கிறார்கள். குனிய முடியாதவர்கள் என்பதால் டாக்கை ஓர் அகலமான, உயரம் குறைந்த பெஞ்சின் மேல் வைத்துக் கொடுத்திருக்கிறேன். மெஷின் தானாக ஏறிப் போக முடியாது. வேலை முடிந்ததும் பக்கத்து வீட்டுப் பிள்ளை அதைத் தூக்கிப் பெஞ்சின் மேல் வைத்துவிட்டுப் போகிறாள், மீதியை அம்மா பார்த்துக்கொள்கிறார்கள்.

நீங்கள் இன்று இரவே தகட்டைத் துடைத்து, கையால் அழுத்திப் பாருங்கள். அதற்கும் விளக்கு வராவிட்டால் மாடல் பெயர், அடாப்டரில் அச்சிட்டிருக்கிற வோல்ட், மீட்டரில் வந்த அளவு மூன்றையும் கீழே எழுதுங்கள். அடுத்து எங்கே பார்ப்பது என்று சேர்ந்து பார்க்கலாம்.