மழைக்கு மூடிய புல் ஏன் மஞ்சளானது?

மல்லாவிப் பக்கத்து விளையாட்டுக் கழகச் செயலாளர் ஒருவர் கேட்டிருக்கிறார்: கார்த்திகை மழைக்குக் கிரிக்கெட் பிட்சையும் சுற்றியிருந்த அறுகம்புல்லையும் நீலத் தறப்பாளால் ஐந்து நாள் மூடி வைத்தோம், எடுத்துப் பார்த்தால் புல் மஞ்சளாகி வழுவழுத்துக் கிடக்கிறது, புல் வளர்க்கும் விசேட விரிப்பு என்று கொழும்பிலிருந்து ஒருவர் விலை பேசுகிறார், வாங்கலாமா?

வாங்காதீர்கள் தம்பி. முதலில் புல்லைப் பார்ப்போம். தறப்பாளுக்குக் கீழே வெளிச்சம் இல்லை, ஒளித்தொகுப்பு நின்றுவிடும், ஆனால் புல் சுவாசித்துக்கொண்டே இருக்கும், அதுவரை வேரிலும் கொடியிலும் சேர்த்து வைத்ததைத் தின்றுதான் உயிரைப் பிடித்திருக்கும். எங்கள் ஊர்ச் சூட்டில் அந்தச் சேமிப்பு கெதியாகக் கரைந்துவிடும். பச்சையம் போனதால் மஞ்சள். வழுவழுப்பு, ஈரப் புழுக்கத்தில் பங்கசு பிடித்து இலை அழுகியதால் வந்தது. அறுகு மாமர நிழலில்கூட ஒழுங்காகப் படராத புல்.

ஒரு கொடியைப் பிடுங்கிக் கணுவில் நகத்தால் கீறுங்கள். வெள்ளையாக, இறுக்கமாக இருந்தால் உயிர் இருக்கிறது. கபில நிறமாக நசிந்தால் அந்த இடத்தில் புதுக் கொடி நட வேண்டும். தேங்கிய தண்ணீரை வடிய விட்டு, இரண்டு கிழமை யாரும் மிதிக்காமல் பாருங்கள். அவசரப்பட்டு யூரியா எறிய வேண்டாம், மிச்சச் சேமிப்பையும் அது இலையாக இழுத்துவிடும், பங்கசும் கூடும். இனி மூடுவதானால் மெட்சுக்கு முதல்நாள் பின்னேரம் மூடி விடிய எடுங்கள்.

சரி, அந்த விசேட விரிப்பு. குளிர் நாடுகளில் அது உண்மையிலேயே வேலை செய்கிறது. காற்றும் நீரும் கொஞ்சம் வெளிச்சமும் ஊடுபோகும் துணி, மண்ணின் சூட்டைப் பிடித்து வைத்து, குளிர் விடும் காலத்தில் புல்லை முந்தித் தளிர்க்க வைக்கும். வன்னியில் தை மாத இரவிலும் அப்படிக் குளிர் இல்லை, இங்கே அறுகுக்குச் சூடு எப்போது குறைந்தது? விற்பவரிடம் பத்துக்குப் பத்தடித் துண்டொன்றை உங்கள் புல்லில் ஒரு கிழமை விரித்துக் காட்டச் சொல்லுங்கள். நான் அப்படிக் கேட்கச் சொன்ன இரண்டு கழகங்களுக்கும் ஆள் திரும்பி வரவே இல்லை. ஊடு தெரியும் பொலித்தீனை விற்பவர்கள் இன்னும் மோசம், வெயில் எறித்தால் அதற்குள் மண் வெந்துவிடும். நாற்றுமேடையில் களை விதையைச் சாகடிக்க அதைத்தானே விரிக்கிறோம்!

எனக்குக் கோபம் வருவது இதில்தான்: மைதானத்துக்கு ஒதுக்கிய அரச காசை டிசெம்பர் 31 இற்கு முதல் செலவழிக்காவிட்டால் திரும்பிப் போய்விடும் என்று, மாரி கொட்டும் நேரத்தில் கொந்தராத்துக்காரரை அனுப்பிப் புல் பதிக்கிறார்கள், அது கழுவுப்படாமலிருக்க மேலே தறப்பாள், படம் எடுத்து பில் போட்டதும் யாரையும் காணோம். வடிகால் வெட்ட மட்டும் காசில்லை. வடிகாலும் நடுவில் சற்று மேடும் இருந்தால் இந்தப் பாடே இல்லை.

நாள்கணக்கில் மூடுவதானால் புதிதாக விதைத்த நிலத்தை மட்டும் மூடலாம், அதுவும் வைக்கோலால். நன்றாக உதறிப் போடுங்கள், இல்லாவிட்டால் மைதானத்தில் நெல் முளைக்கும். மெல்லிதாக, நின்று பார்த்தால் பாதி மண் தெரிகிற அளவுக்கு, ஏனென்றால் அறுகு விதைக்கும் வெளிச்சம் வேண்டும். ஒன்றிரண்டு கிழமையில் முளை வரும். விரலகலம் எழும்பியதும் ஒரு பின்னேரமாகப் பார்த்துப் பாதி வைக்கோலைக் கையால் எடுங்கள், வாரி போட்டு இழுத்தால் முளையும் சேர்ந்து வரும். மிச்சம் அங்கேயே உக்கட்டும்.