ஒரு காபி, மூன்று மணி நேரம்

கேள்வி: இந்தோனேசியாவின் ஆச்சே பக்கம் ஆண்கள் ஒரே ஒரு காபியை வாங்கி வைத்துக்கொண்டு மூன்று மணி நேரம் கடையில் உட்கார்ந்திருக்கிறார்களாமே? இது சோம்பேறித்தனம் இல்லையா? கடைக்காரருக்குத்தான் என்ன லாபம்?
— ஒரு வாசகர், கும்பகோணம்

பதில்: நேரத்தைக் கணக்குப் பார்த்த நீங்கள், அந்தக் காபி மேசைக்கு எப்படி வருகிறது என்று பார்க்கவில்லையே! ஆச்சேயின் மேற்குக் கரையில் மெலாபோ என்று ஓர் ஊர். அங்கே 'குபி கோப்' கேட்டால் டம்ளர் கவிழ்ந்தே வரும். கொரகொரப்பாக அரைத்த தூளையும் சர்க்கரையையும் போட்டுக் கொதிநீர் ஊற்றி, மேலே சாசரை வைத்து மூடி, சட்டென்று தலைகீழாகத் திருப்பிவிடுவார்கள். விளிம்புக்கும் சாசருக்கும் நடுவே உறிஞ்சுகுழலைச் செருகி மெல்ல ஊத வேண்டும். உள்ளே போன காற்றின் அளவுக்குக் காபி சாசரில் கசியும். அதைக் குடித்துவிட்டு மறுபடி ஊத வேண்டும். பலமாக ஊதினால் தூளும் சேர்ந்து வரும். தூள் நைசாக இருந்தாலும் அதே கதிதான். டம்ளரைத் தூக்கினாலோ மேசையெல்லாம் காபி. சீக்கிரம் ஆறாது, தூசி விழாது. அவசரமாகக் குடிக்கவும் முடியாது.

ஜாவாவின் 'கோப்பி துப்ருக்' கூட அப்படித்தான். 150 மில்லி தண்ணீருக்கு 10 கிராம் தூள், வடிகட்டுவதில்லை. நாலு நிமிடமாவது தூள் அடியில் இறங்கக் காத்திருக்க வேண்டும். தண்ணீர் சரியாகக் கொதிக்காவிட்டால் தூள் மிதந்து பல்லில் ஒட்டும்.

லாபத்துக்கு வருவோம். ஆச்சேயில் வாழையிலையில் சுட்ட ஒட்டரிசிப் 'புலுட்' போன்ற பலகாரங்கள் கேட்காமலே மேசைக்கு வந்துவிடும். எழுந்து போகும்போது தின்றதற்கு மட்டும் காசு. ஆள் எவ்வளவு நேரம் உட்காருகிறாரோ அவ்வளவுக்குத் தட்டு காலியாகும். கடைக்காரருக்கு இது தெரியும்.

சோம்பேறித்தனம் என்ற சொல்லை மட்டும் என்னால் ஏற்க முடியாது. விடிகாலைத் தொழுகை முடிந்ததும் அங்கே வந்து உட்காருகிறவர்களில் மீனவர், தரகர், ஒப்பந்தக்காரர், நிருபர் எல்லாரும் உண்டு. நில விலை படிவதும், வேலைக்கு ஆள் பிடிப்பதும், தேர்தல் பேச்சும் அந்த மேசைகளில்தான். அதோடு, 1976 முதல் 2005 வரை, தனிநாடு கேட்ட போராளிகளுக்கும் இந்தோனேசிய அரசுக்கும் நடந்த ஆயுத மோதலில் கிடந்த மாகாணம் அது. இருட்டினால் வெளியே வர ஜனங்கள் அஞ்சிய காலம் உண்டு. 2005 ஆகஸ்ட் 15-ல் பின்லாந்தின் ஹெல்சிங்கியில் சமாதான ஒப்பந்தம் கையெழுத்தானது. இன்று நள்ளிரவிலும் கடை வாசலில் நாற்காலி போட்டுப் பேசுகிறார்கள் என்றால், அது அவர்கள் பெரும் விலை கொடுத்து மீட்ட நேரம்.

குறை சொல்வதானால் வேறொன்று இருக்கிறது. 'ஆண்கள்' என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ஏன் ஆண்கள் மட்டும் என்று கேட்கவில்லை. 2018-ல் ஆச்சேயின் பிரூவென் மாவட்ட நிர்வாகம், கணவரோ நெருங்கிய உறவினரோ அல்லாத ஆணுடன் பெண் ஒரே மேசையில் உட்காரக் கூடாது என்று கடைகளுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது. எனக்கு அது அநியாயமாகப் படுகிறது. ஆனாலும் தலைநகர் பண்டா ஆச்சேயின் காப்பிக்கடைகளில் கல்லூரிப் பெண்கள் மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு, பால் கொஞ்சமாகக் கலந்த 'சாங்கர்' காபியோடு, அதே மூன்று மணி நேரம் உட்காருகிறார்கள்.