மூன்றாவது தட்டல்

அன்புள்ள அக்காவுக்கு,

கொடுங்கையூரிலிருந்து எழுதுகிறேன். நண்பர்கள் ஆறு பேர் சனிக்கிழமை இரவுகளில் எங்கள் வீட்டில் கூடிப் பேய்ப் படம் பார்க்கிறோம். போன வருடம் தாத்தா இறந்த பிறகு அவர் படுத்திருந்த அறை காலியாக இருப்பதால், அதில்தான் திரை கட்டியிருக்கிறோம். எல்லோரும் ஸ்மார்ட் வாட்ச் கட்டிக்கொள்வோம். யாருடைய இதயத் துடிப்பு அதிகம் ஏறுகிறதோ அவர் தோற்றவர்; மற்றவர்களுக்கு அத்தோ என்கிற பர்மா நூடுல்ஸ் வாங்கித் தர வேண்டும். இரண்டு வருடங்களில் நான் ஒருமுறைகூடத் தோற்றதில்லை. சென்ற மாதம் ‘தி ஹாண்டிங்’ என்ற 1963ஆம் ஆண்டுக் கறுப்பு வெள்ளைப் படத்தைப் பார்த்தோம். அதில் பேய் கண்ணில் படவே இல்லை, தட்டும் சத்தம் மட்டும்தான். வாட்சில் என் துடிப்பும் ஏறவில்லை. ஆனால் அதற்குப் பிறகு பத்து நாள் எனக்குச் சரியான தூக்கம் இல்லை. ஏன் இப்படி? தமிழில் பேய்ப் படம் என்றாலே சிரிப்புப் படம் என்று ஆகிவிட்டதே, அது சரியா? இதெல்லாம் வீட்டுக்கு ஆகாது, நிறுத்து என்கிறார் அம்மா, நிறுத்த வேண்டுமா? இத்தகைய படங்களைச் சப்டைட்டிலோடு பார்ப்பது நல்லதா, இல்லாமலா? நீங்கள் சிறந்தவை என்று நினைக்கும் பத்துப் படங்களையும் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகன்

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் கடிதம் வந்த வாரத்தில் நானும் அதே படத்தைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஐப்பசி மழையில் எங்கள் வீட்டு வாசற்கதவு ஊறி உப்பிச் சாத்த வராமல் நின்றது. அதைத் தள்ளிக்கொண்டிருந்தபோது, அந்தப் படத்தில் மரக்கதவு மூச்சு விடுவதுபோல் உள்நோக்கிப் புடைக்கும் காட்சி நினைவுக்கு வந்தது. ஆகவே பதில் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

பட்டியல் தர மாட்டேன். தமிழ்ப் பேய்கள் சிரிப்பு மூட்டுவதைப் பற்றித் தனியாகத்தான் எழுத வேண்டும், இன்று வேண்டாம். அம்மா நிறுத்தச் சொல்வது படத்தையா, அந்த அறையில் பார்ப்பதையா என்று அவரிடமே ஒருமுறை கேளுங்கள்.

ஆனால் அந்தக் கைக்கடிகார விளையாட்டை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. கானாக் கச்சேரிக்குப் போய்விட்டு, என் கால் ஒருமுறைகூடத் தாளம் போடவில்லை என்று மார்தட்டுகிறவரை ரசிகர் என்று சொல்வீர்களா? நம் பக்கத்துத் தியேட்டர்களில் பேய் வரும்போது அலறுகிறார்கள், விசில் அடிக்கிறார்கள், முன் இருக்கையில் இருப்பவரின் சட்டையைப் பிடித்து இழுக்கிறார்கள். அவர்களை நான் ஒருநாளும் குறை சொன்னதில்லை, ஏனென்றால் பயந்ததை அவர்கள் ஒளிப்பதில்லை. நீங்களோ பயத்தைப் பார்க்கப் போகிறோம் என்று சொல்லிக்கொண்டு, பயப்படாமல் இருப்பதற்குப் பயிற்சி எடுக்கிறீர்கள். இரண்டு வருடங்களில் நூறு படமாவது பார்த்திருப்பீர்கள். அவற்றில் ஒன்றையாவது உள்ளே வர விட்டீர்களா?

அந்தக் கடிகாரம் எதை அளக்கிறது என்பதையாவது தெரிந்துகொள்ளுங்கள். அது பெரும்பாலும் அளப்பது திடுக்கிடலைத்தான். எதிர்பாராத பெரும் சத்தம் கேட்டால் கண் மூடிக்கொள்ளும், தோள் உயரும், நெஞ்சு படபடக்கும். பிறந்த குழந்தைக்கும் இது உண்டு. மனம் என்ன ஏது என்று கேட்பதற்குள் உடல் தன் வேலையை முடித்துவிடும், பிறகு தானே அடங்கிவிடும். சினிமா இதை வெகு காலத்துக்கு முன்பே கண்டுகொண்டது. 1942இல் வால் லூட்டன் தயாரித்த ‘கேட் பீப்பிள்’ படத்தில், இரவில் தனியாக நடந்து போகும் ஒரு பெண்ணைப் பின்தொடரும் காலடி ஓசை சட்டென்று நின்றுவிடும். நாம் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருக்கும்போது, புலி சீறுவது போன்ற இரைச்சலோடு திரைக்குள் ஒரு பஸ் பாய்ந்து வந்து நிற்கும். வெறும் பஸ்தான். அதற்குப் பிறகு வந்த ஆயிரக்கணக்கான படங்கள் அந்த ஒரு பஸ்ஸைத்தான் மறுபடி மறுபடி ஓட்டிக்கொண்டிருக்கின்றன. நீங்கள் இரண்டு வருடங்களாக வென்றது அந்த பஸ்ஸைத்தான்.

‘தி ஹாண்டிங்’ படத்தை எடுத்த ராபர்ட் வைஸ் அதே லூட்டனிடம்தான் 1944இல் இயக்குநர் ஆனார். திடுக்கிட வைக்கும் வித்தை பிறந்த பட்டறையிலிருந்து வந்தவர், ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கழித்து அந்த வித்தையை நம்பியிருக்காமல், வேறொன்றைத் தேடிப் போனார் என்பது எனக்குப் பெரிய விஷயமாகத் தோன்றுகிறது.

அது என்ன என்பதற்குத் தொல்காப்பியர் எனக்குத் துணையாக இருக்கிறார். உணர்ச்சிகள் உடலில் வெளிப்படுவதைப் பற்றிப் பேசும் மெய்ப்பாட்டியலில் அச்சம் பிறக்கும் இடங்களை அவர் நான்காகச் சொல்கிறார்: ‘அணங்கே விலங்கே கள்வர்தம் இறையென’. அணங்கு என்பது அச்சுறுத்தும் தெய்வமும் பேயும். இந்த நான்கில் திடீர்ச் சத்தம் இல்லை என்பதைக் கவனியுங்கள். பேய்ப் படத்தை அணங்கின் கணக்கில் எழுதிவிட்டு எல்லோரும் நகர்ந்துவிடுகிறோம். அணங்கு தரும் அச்சத்தை நான் சிறுவயதிலேயே பார்த்திருக்கிறேன். சிவராத்திரியை ஒட்டி மயானக் கொள்ளை ஊர்வலம் வரும்போது, காளி வேடத்தைக் கண்டு ஆயாவின் புடவைக்குள் முகத்தைப் புதைத்து அழுவேன். சாயங்காலம் சுண்டல் தின்னும்போது அது மறந்துபோகும். மறக்காமல் தங்குவது நான்காவதாகச் சொல்லப்பட்ட இறை. இறை என்றால் அரசன் என்பார்கள். தவறு செய்தவர் பதில் சொல்லியாக வேண்டிய இடம் அது. மனத்தை விட்டுப் போகாத பேய்ப் படங்கள் எல்லாம் அணங்கின் வேடத்தில் வரும் இறையச்சம் என்பது என் எண்ணம். யார் மறுத்தாலும் இதை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

அந்தப் படத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். கதாநாயகி எலினார் நோயாளித் தாயைப் பல ஆண்டுகள் கவனித்துக்கொண்டவள். தாய் உதவி வேண்டும்போது சுவரைத் தட்டுவாள். கடைசி இரவில் தட்டியபோது எலினார் போகவில்லை. பிறகு அந்தப் பேய் வீட்டில் முதல் இரவு சுவர் அதிரும்போது, அவள் அரைத் தூக்கத்தில் வந்துவிட்டேன் அம்மா என்றுதான் எழுந்திருக்கிறாள். படத்தின் அச்சம் முழுவதும் அந்த இடத்தில் இருக்கிறது. மற்றவர்களுக்கு அது யாரோ தட்டும் சத்தம், அவளுக்கு அது தனக்கு வந்த அழைப்பு.

எங்கள் வீடு வடசென்னையில் பட்டாளம் என்ற பகுதியில் ஒரு ஒண்டுக் குடித்தனத்தில் இருந்தது. என் தந்தையை நைனா என்றுதான் கூப்பிடுவோம். மில்லில் இரண்டாம் ஷிப்ட் முடிந்து, சங்கு ஊதிய பிறகு, நள்ளிரவு தாண்டி வருவார். அம்மா கைக்குழந்தையோடு படுத்திருப்பார் என்பதால் கதவைத் திறப்பது என் வேலை. இரவில் யார் கூப்பிட்டாலும் மூன்றாம் முறைக்குத்தான் குரல் கொடுக்க வேண்டும், பேய் என்றால் மூன்றாம் முறை கூப்பிடாது என்பது ஆயா வகுத்த விதி. நைனாவுக்கும் அது தெரியும். ஆகவே நாதாங்கியால் ஒருமுறை தட்டி, சற்று நின்று இரண்டாம் முறை தட்டி, மூன்றாவதைக் கொஞ்சம் மெதுவாகத் தட்டுவார், நான்தான் பயப்படாதே என்பது போல.

1979இல் எனக்குப் பதினொரு வயது. ஒரு மழை இரவில் மூன்று தட்டலும் கேட்டன. போர்வையின் சூடு விட்டு எழுந்திருக்க மனமில்லாமல், இது பேயாக இருக்கலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு படுத்திருந்தேன். இல்லை என்று எனக்குத் தெரியும். நான்காவதாக அவர் தட்டவில்லை. வெகுநேரம் மழைச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அம்மா தானாக விழித்துக்கொண்டு போய்த் திறந்தார். நைனா தலையைத் துவட்டிக்கொண்டார். என்னிடம் எதுவும் கேட்கவில்லை. அந்தத் தை மாதத்தில் மில்லில் வேலையில் இருக்கும்போதே மாரடைப்பில் போய்விட்டார்.

1993இல் கொருக்குப்பேட்டையில் ஒரு தோழி வீட்டில், வீடியோ கேசட்டில் அந்தப் படத்தைப் பார்த்தேன். தட்டல் தொடங்கியதும் எழுந்து போய் அவர்கள் வீட்டுத் தெருக்கதவைத் திறந்துவிட்டேன். யாரும் இல்லை. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அன்றைக்கு என் கையில் உங்கள் கடிகாரம் இருந்திருந்தாலும் அதில் ஒன்றும் ஏறியிருக்காது, தம்பி. நான் பதறவில்லை. கதவைத் திறக்க வேண்டும் என்பது மட்டும்தான் தெரிந்தது.

உங்கள் கடிதத்தில் தாத்தா ஒரே வரியில் வருகிறார், அதுவும் அறை காலியானதற்குக் காரணமாக. அடுத்த வரியில் வாட்சுக்குப் போய்விட்டீர்கள். அவர் எவ்வளவு நாள் படுத்திருந்தார், உங்களை எப்படிக் கூப்பிடுவார், கட்டிலைத் தட்டுவாரா என்றெல்லாம் நான் கேட்கப் போவதில்லை. அதை எனக்கு எழுதவும் வேண்டாம். கோபமாக எழுதிய இடங்களைப் பொறுத்துக்கொள்ளுங்கள். ஆனால் அந்தக் கடிகாரத்தைக் கழற்றி வைத்துவிட்டு, நண்பர்கள் இல்லாத ஒரு நாளில், அம்மாவையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு அதே அறையில் அந்தப் படத்தை இன்னொரு முறை பாருங்கள்.

சப்டைட்டில் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அம்மாவுக்கு நீங்களே வாயால் சொல்லிக்கொண்டு வாருங்கள். தட்டும் இடம் வரும்போது மட்டும் பேசாமல் இருங்கள்.

அன்புடன்,
அக்கா