ஷீட் சூடானால் ஸ்லாபை எது தாங்கும்?

கேள்வி: காம்போசிட் ஸ்லாபில் (மடிப்பு எஃகுத் தகட்டின் மேல் கான்கிரீட் போட்டு, இரண்டும் சேர்ந்து உழைக்கும் தளம்) அடியில் இருக்கும் அந்தத் தகடு, அதாவது டெக் ஷீட்டே கம்பியின் வேலையைச் செய்துவிடுகிறது என்கிறார்கள். அப்புறம் தீக்காகத் தனியாக எதற்குக் கம்பி? மேலே போடும் மெஷ் (கம்பி வலை) போதாதா?

பதில்: தீப்பிடிக்காத வரை நீங்கள் சொல்வது சரி. ஆனால் தீ வந்தால் முதலில் சூடாவது அந்த ஷீட்தான். ஒரு மில்லிமீட்டர் சுமாருக்குத்தான் அதன் தடிமன், தீக்கு நேராக வேறு நிற்கிறது. சோதனை உலைகளில் பின்பற்றும் ஐ.எஸ்.ஓ. 834 தீயில் 30 நிமிடத்தில் 842 டிகிரி செல்சியஸ், ஒரு மணி நேரத்தில் 945. எஃகுக்கோ 600 டிகிரியிலேயே பாதி பலம்கூட இருக்காது, 800-இல் பத்தில் ஒரு பங்குதான் மிச்சம். போதாததற்கு, கான்கிரீட்டிலிருந்து வரும் நீராவி ஷீட்டைப் பிரித்தும் விட்டுவிடும். அதனால் ஒரு மணி நேரத்துக்கு மேல் கணக்குப் போடும்போது நான் ஷீட்டின் பலத்தை அப்படியே விட்டுவிடுவேன். அரை மணி நேரம் என்றால் கவலை இல்லை, சாதாரண விதிப்படி வடிவமைத்த ஸ்லாப் அதைத் தாங்கும் என்று ஐரோப்பிய வடிவமைப்பு விதித்தொகுப்பான யூரோகோட் 4 ஏற்றுக்கொள்கிறது.

மெஷ் போதுமா என்றால், ஸ்பான் (பீமுக்குப் பீம் உள்ள தூரம்) சிறியதாகவும் ஸ்லாப் பீம்களின் மேல் தொடர்ச்சியாகவும் இருந்தால் பல சமயம் போதும். நடுப்பகுதி தளரத் தளர பாரம் சப்போர்ட் பக்கம் நகரும், அங்கே மேல் கம்பி குளிர்ச்சியாகத்தானே இருக்கிறது! சாதாரண நாளில் விரிசலைக் கட்டுப்படுத்த மட்டும் இருந்த மெஷ், தீயில் முக்கியக் கம்பியாகிவிடும். ஆனால் மேல்பக்கம் இழுவிசை வரும் தூரமும் அப்போது கூடும் என்பதால், கூடுதல் மேல் கம்பியை வழக்கமான இடத்தில் வெட்டி நிறுத்தினால் போதாது, ஸ்பானுக்குள் இன்னும் நீட்ட வேண்டும். இது வரைபடத்தில் அடிக்கடி விட்டுப்போகிற ஒன்று.

இன்னொன்று, மெஷ் கான்கிரீட் போடும்போது மிதிபட்டு ஷீட் மேல் படுத்துவிட்டால் மேல் கம்பி என்று ஒன்று இல்லவே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். மெஷ்ஷைத் தூக்கிப் பிடிக்கும் சேர் வைக்காமல் கான்கிரீட் போட விடாதீர்கள்.

கேள்வி: ஷீட்டின் மடிப்புப் பள்ளங்களில் கம்பி போடுவதானால் முடிந்த வரை கீழே இறக்கினால்தானே பலம் அதிகம்?

பதில்: குளிர்ந்த நிலைக் கணக்கில் அப்படித்தான் தோன்றும். தீக்கணக்கில் கீழே இறக்க இறக்க ஆழம் கூடும், ஆனால் கம்பி சூடாகும், இரண்டும் எதிரெதிராக இழுக்கும். பள்ளத்துக்கு அடியிலிருந்து மட்டும் அல்ல, இரண்டு பக்கச் சரிவுகளிலிருந்தும் சூடு வருகிறது, அதனால் கம்பி பள்ளத்தின் நடுவில் இருக்க வேண்டும், ஒரு பக்கம் ஒதுங்கினால் அந்தப் பக்கத்துச் சூடு முழுவதும் அதற்குத்தான். 600 டிகிரிக்குப் போன 12 மி.மீ. கம்பி 8 மி.மீ. கம்பி அளவுக்குத்தான் உழைக்கும், அதுவும் ஹாட் ரோல்டு (சூடாக உருட்டிச் செய்த) கம்பியாக இருந்தால். குளிர்முறுக்கிய கம்பி இன்னும் மோசம்.

கேள்வி: பீம்களுக்குத் தீத்தடுப்புப் பூச்சு இல்லாமலே கட்டடம் நின்றதாகப் படித்தேன். உண்மையா?

பதில்: உண்மை. 1990-களின் நடுவில் இங்கிலாந்தின் கார்டிங்டனில் 8 மாடி எஃகுக் கட்டடம் ஒன்றைச் சோதனைக்கென்றே கட்டிக் கொளுத்திப் பார்த்தார்கள். பூச்சில்லாத பீம்கள் நன்றாகத் தொய்ந்தன, கட்டடம் விழவில்லை. ஸ்லாப் தொட்டில் துணி மாதிரி தொங்கி, மெஷ்ஷின் இழுவிசையில் பாரத்தைச் சுற்றியிருந்த விளிம்புகளுக்குக் கொண்டுபோனது. ஆனால் இதைப் படித்துவிட்டு எல்லாப் பூச்சையும் வெட்டிவிடலாம் என்று கிளம்பாதீர்கள்! அந்த விளிம்புப் பீம்களும் தூண்களும் நிற்க வேண்டும், மெஷ் நீளக்கூடிய ரகமாக இருக்க வேண்டும், லேப் (ஒரு மெஷ் அடுத்ததன் மேல் ஏறும் இணைப்பு) சரியாக இருக்க வேண்டும், ஓரத்தில் கம்பி, பீம் மேல் பற்றவைத்த ஸ்டட்களைச் சுற்றிப் பிடித்திருக்க வேண்டும். இதில் ஒன்று குறைந்தாலும் தொட்டில் கிழியும்.