தங்க ஃபாயில் ஒட்டாமல் படுத்துகிறதா? கேள்வி பதில்

கையால் வாழ்த்து அட்டை, அழைப்பிதழ் செய்கிறவர்கள் அனுப்பியவற்றில் சூட்டில் ஒட்டும் ஃபாயில் பற்றிய கேள்விகள் மட்டும் இங்கே.

அக்கா, இங்க்ஜெட்டில் பெயர் அடித்து, டோனர் ஃபாயில் வைத்து லேமினேட்டரில் விட்டேன். ஓர் எழுத்துகூட ஒட்டவில்லை. ஃபாயில் மட்டமா?

ஃபாயில் மேல் தப்பில்லை. டோனர் என்பது லேசர் பிரிண்டரில் மைக்குப் பதிலாக இருக்கும் பிளாஸ்டிக் கலந்த பொடி, சூட்டில் இளகிப் பிசுபிசுக்கும், அதைத்தான் இந்த ஃபாயில் பிடித்துக்கொள்கிறது. இங்க்ஜெட் மை தாளில் ஊறிவிடுவதால் இளகுவதற்கு அங்கே ஒன்றுமே இல்லை. லேசர் பிரிண்ட் தருகிற ஜெராக்ஸ் கடைக்குப் போங்கள். ஃபாயிலின் பளபள பக்கம் மேலே, மங்கல் பக்கம் டோனர் மேல்.

ஒட்டுகிறது, ஆனால் திட்டுத் திட்டாக.

தாளைச் சொல்லுங்கள் முதலில்! கைக்காகிதம்தானே? மேடும் பள்ளமுமாக இருக்கும் தாளில் மேட்டில் மட்டும்தான் ஃபாயில் படும். வழவழப்பான அட்டைக்கு மாறிப் பாருங்கள், மிஷின் மாற்றுவதைவிட இது மலிவு. 300 ஜிஎஸ்எம் மாதிரி தடித்த அட்டை ரோலரின் சூட்டை உறிஞ்சிக்கொள்ளும், அதனால் லேமினேட்டர் நன்றாகச் சூடேறியபின் இரண்டு முறை விடுங்கள். மழைக்காலத்தில் தாள் ஈரம் இழுத்திருக்கும், ஃபாயில் வைக்குமுன் வெறும் அட்டையை ஒருமுறை உள்ளே விட்டு எடுப்பேன். அப்புறம், ஆறும் வரை உரிக்காதீர்கள். நானே அவசரப்பட்டுப் பாழாக்கிய அட்டைகள் ஒரு பை நிறைய இருக்கின்றன.

பெயர் மட்டும் தங்கமாக வேண்டும். கீழே இருந்த கறுப்பு முகவரியும் தங்கமாகிவிட்டது.

அதுவும் டோனர்தானே, பாவம், அதற்கென்ன தெரியும். பெயர் அளவுக்கு மட்டும் ஃபாயிலை வெட்டி வையுங்கள். இரண்டும் நெருக்கமாக இருந்தால் பெயரை லேசரில் அடித்து ஃபாயில் ஏற்றிவிட்டு, முகவரியைப் பிறகு இங்க்ஜெட்டில் அடியுங்கள். ஃபாயில் ஏறிய அட்டையை மறுபடி லேசர் பிரிண்டரில் விடவேண்டாம், உள்ளே இருக்கும் சூட்டில் கெட்டுவிடும்.

அச்சகத்தில் எழுத்தை உலோக அச்சாக, அதாவது பிளாக்காகச் செய்து, சூடாக்கி ஃபாயில் அடித்தோம். ண, ஞ எல்லாம் அடைத்துக்கொண்டன, மெய்யெழுத்துகளின் புள்ளியைக் காணோம்.

தமிழுக்கே உள்ள தலைவலி இது. சூடு கூடினால் ஃபாயில் ஓரம் தாண்டிப் பரவும், சுழி அடைத்துக்கொள்ளும். அழுத்தம் போதாவிட்டால் புள்ளி விழாது, புள்ளி போனால் வார்த்தையே போச்சு. நிறைய பேர் புள்ளி விழவில்லை என்று சூட்டை ஏற்றுவார்கள், சுழி இன்னும் அடைக்கும். சூட்டை ஐந்தைந்து டிகிரியாகக் குறைத்து, விழாத இடத்துக்கு நேர் அடியில் மெல்லிய தாளை ஒட்டி அழுத்தம் கொடுக்கச் சொல்லுங்கள். பிளாக் செய்யக் கொடுக்குமுன்பே சுழி அகலமாக உள்ள எழுத்துருவாகத் தேர்ந்தெடுத்து, புள்ளியை மட்டும் கொஞ்சம் பெரிதாக்கிவிடுவது இதைவிட நல்லது. சில நூறு அட்டைக்கு மெக்னீசியம் பிளாக் போதும். பித்தளை நீடித்து உழைக்கும், விலையும் அதற்கேற்ப.

லேமினேட்டர் இல்லை. இஸ்திரிப் பெட்டி?

சின்ன அட்டைக்குச் சரி. நீராவி வேண்டாம். மேலே பட்டர் பேப்பர் போட்டு, தேய்க்காமல் அழுத்துங்கள்.

கல்யாணப் பத்திரிகை மூலையில் மஞ்சள் தடவுவார்களே, ஃபாயில் என்னாகும்?

ஈர விரலால் தேய்த்தால் தாளே ஊறிப் பிய்யும், ஃபாயில் எம்மாத்திரம். மூலைகளை வெறுமையாக விட்டு டிசைன் செய்யுங்கள்.

ஒட்டியது போக மிச்சமான ஃபாயிலைத் தூக்கிப்போடுவதா?

ஐயோ, வேண்டாம்! எழுத்து உரிந்த இடம் காலியாகவும் சுற்றிலும் தங்கமாகவும் இருக்கும் அல்லவா? முழுக்கக் கறுப்பு டோனர் அடித்த அட்டையில் அதை வைத்து லேமினேட்டரில் விடுங்கள். தங்கத்துக்கு நடுவே கறுப்பு எழுத்து வரும். எனக்கு முதல் அட்டையைவிட இதுதான் பிடிக்கும்.