பரலோகத்தில பங்கு இருக்கு எண்டு பாலையூற்றுக் காணியை விடலாமா?

கேள்வி: அப்பா மோசம் போய் ஒரு வருசம். மரணசாசனம் எழுதேல்ல. பாலையூற்றில அவரிட பேரில இருந்த வீடும் காணியும் தனக்குத்தான், பைபிள்ல மூத்தவனுக்கு ரெண்டு பங்கு எண்டு அண்ணா சொல்லுறார். நாங்க ரெண்டு பேர்தான் பிள்ளைகள். கடைசி நாலு வருசம் அப்பாவைப் பாத்தது நான், அம்மா இப்பவும் என்னோட. ஜெபக்கூட்டத்தில சொன்னா, உனக்குப் பரலோகத்தில சுதந்தரம் இருக்கு, விட்டுக்குடு எண்டுறாங்க. கேக்கிறது பாவமா?
— ஒரு சகோதரி, திருகோணமலை

பதில்: தங்கச்சி, பாவம் இல்ல. அதை முதல்லயே சொல்லிப்போடுறன், ஏனெண்டா அந்தப் பயத்திலதான் நீங்க ஒரு வருசமா வாய் திறக்காம இருந்திருக்கிறீங்க.

அண்ணா சொல்லுற ரெண்டு பங்கு உபாகமம் 21ல இருக்குதான். ஆனா அது ரெண்டு பெண்சாதி உள்ள ஒருத்தன், பிடிக்காதவளிட மூத்த மகனைத் தள்ளிவிடக்கூடாது எண்டு வந்த சட்டம், இளைச்சவனைக் காப்பாத்த வந்ததை இளைச்சவளிட்ட பறிக்க எடுக்கிறார் பாருங்க. ரெண்டு பங்கு எண்டா முழுசும் இல்ல, அதுவும் வேற கதை. மோசேயிட சட்டம்தான் வேணும் எண்டா அம்பதாம் வருசம் வித்த காணியைத் திருப்பிக் குடுக்கிறதும் அதிலதான் இருக்கு, அதுக்கு ஓம் எண்டுவாரா?

எண்ணாகமம் 27ல செலொப்பியாத்திட அஞ்சு பொம்பிளைப் பிள்ளைகள் மோசேக்கு முன்னால, சபை முழுக்கப் பாக்க நிண்டு அப்பாட பங்கைக் கேட்டாங்க. அவங்களுக்கு அண்ணன் தம்பி இல்ல, அதால உங்கட கேஸும் அதுவும் ஒண்டில்ல, நான் இழுத்துப் பொருத்த மாட்டன். ஆனா கேட்டதுக்குக் கடவுள் அவங்களை ஏசேல்ல, அவங்க சொல்லுறது சரி எண்டார்.

அப்ப பரலோகச் சுதந்தரம்? எங்கட பழைய பைபிள்ல இந்தச் சொல் விடுதலை இல்ல, வாரிசாக் கிடைக்கிற சொத்து. எபேசியர் 1:14ல பரிசுத்த ஆவியை அதுக்கு அச்சாரம் எண்டு இருக்கு, வீடு வாங்கக்கிள குடுக்கிற அட்வான்ஸ் மாதிரி. அச்சாரம் கையில உள்ளவள் ஏன் அண்ணாவைக் கண்டு நடுங்கோணும்? நடுங்காமக் கேக்கலாம், குடுக்காட்டியும் உடைஞ்சு போகமாட்டீங்க. விட்டுக்குடுக்கிறதும் நல்லதுதான், ஆனா அது உங்கட மனசில இருந்து வரோணும், மற்றவங்க உங்கட பங்கை எடுத்துத் தானம் பண்ண ஏலாது. ரோமர் 8ல உடன் சுதந்தரர் எண்டும் இருக்கே, அண்ணாவும் அதில ஒரு ஆள், அதை மறந்துபோய் கோட்டுக்கு ஓடவேண்டாம். லூக்கா 12ல ஒருத்தன் பங்கு பிரிச்சுத் தரச்சொல்லிக் கேக்க இயேசு பிரிச்சுக் குடுக்கேல்ல, பொருளாசையைப் பாத்துக்கொள்ளுங்க எண்டார், அது கேக்கிற ஆளுக்கும்தான், பிடிச்சு வச்சிருக்கிற ஆளுக்கும்தான்.

இப்ப காணி விசயம். உறுதி எழுதின சொந்தக் காணியா, அரசாங்கம் அனுமதிப்பத்திரத்தில குடுத்த பெர்மிட் காணியா எண்டு முதல்ல பாருங்க. பெர்மிட் எண்டா பிரதேச செயலகத்தில பின்னுரிமைக்கு, அதாவது அப்பாவுக்குப் பிறகு காணி ஆருக்கு எண்டதுக்கு, ஆர்ட பேர் பதிஞ்சிருக்கு எண்டு கேளுங்க. உறுதி எண்டா, தேசவழமை, அதாவது யாழ்ப்பாணத் தமிழரிட வழமைச் சட்டம், பொருந்தாத குடும்பத்துக்கு 1876ம் ஆண்டுச் சட்டம், அரைவாசி உயிரோட இருக்கிற துணைக்கு, மிச்சம் பிள்ளைகளுக்குச் சமனா, ஆம்பிளை பொம்பிளை வித்தியாசம் இல்ல. எதுக்கும் உறுதி எழுதுற ஒரு நொத்தாரிசைக் கேளுங்க.

அரைவாசி துணைக்கு எண்டதைத் திரும்ப வாசிங்க. உங்கட கடிதத்தில அம்மா ஒரே ஒரு இடத்திலதான் வாறா, அதுவும் உங்களோட இருக்கிறா எண்டு மட்டும். அண்ணாவும் நீங்களும் இழுபடுற காணியில பெரிய பங்கு அவவுக்காயிருக்கலாம், அவவிட்ட ஆராவது கேட்டீங்களா? இண்டைக்குப் பின்னேரம் தேத்தண்ணி போட்டுக் குடுத்திட்டுக் கேளுங்க, பிறகு அண்ணா வீட்டுக்கு ரெண்டு பேருமாப் போங்க.